பழைய டிசி சர்வோ லேத்துக்கு எந்தக் கன்ட்ரோல் மென்பொருள் பொருந்தும்?

கணபதி டர்னிங் (கோவை):

எல்லோருக்கும் வணக்கம். கணபதி பக்கம் சின்னதாக ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். பம்ப் ஷாப்ட், புஷ், நிப்பிள், அப்புறம் வருகிற மரை வேலை எல்லாம் செய்வோம். ஒரு பழைய ஜப்பான் சிஎன்சி லேத்து வாங்கிப் போட்டிருக்கிறேன். 1980களில் செய்தது. சாய்ந்த பெட், 8 இன்ச் ஹைட்ராலிக் சக்கு, 8 ஸ்டேஷன் டர்ரெட் (எட்டு டூல் மாட்டும் சுழல் தலை). பெட்டும் பால் ஸ்க்ரூவும் நல்ல நிலையில் இருக்கின்றன. டயல் வைத்துப் பார்த்ததில் இசட்டில் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் ஆட்டம்) 0.02 மி.மீ.க்கு மேல் இல்லை.

கன்ட்ரோல்தான் போய்விட்டது. திரை வருகிறது, ஆனால் மெமரி அலாரம் போகவே மாட்டேன் என்கிறது. ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில், இந்த போர்டுக்கு இனி பார்ட்ஸ் கிடைக்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நண்பர் ஒருவர் விண்டோஸில் ஓடுகிற மாக் 3 மென்பொருளைப் போட்டுவிடு, சுலபம் என்கிறார். இன்னொருவர் லினக்ஸில் ஓடுகிற லினக்ஸ்சிஎன்சி என்கிறார். விற்பனைக்கு வந்தவர் புது கன்ட்ரோலே வாங்குங்கள் என்கிறார். கையில் ஒரு பழைய டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது. எந்த மென்பொருள் இந்த மெஷினுக்குப் பொருந்தும்?

பேனல் வயரிங் (ஓசூர்):

மென்பொருளை அப்புறம் பேசலாம் தம்பி. முதலில் பேனலைத் திறந்து நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

எக்ஸ், இசட் மோட்டார்கள் என்ன வகை? லேபிளைப் படமெடுங்கள். டிரைவுக்குக் கன்ட்ரோலிலிருந்து போகிற ஒயர் எத்தனை? மோட்டாரின் பின்பக்கம் என்ன இருக்கிறது: இடத்தைச் சொல்கிற என்கோடரா, ரிசால்வரா, வேகத்தைச் சொல்கிற டேக்கோவும் சேர்த்தா? ஸ்பிண்டிலில் தனியாக ஒரு என்கோடர் பெல்ட்டில் ஓடுகிறதா?

இதையெல்லாம் ஏன் கேட்கிறேன் என்றால், மென்பொருள் மோட்டாரிடம் நேராகப் பேசுவதில்லை, மோட்டாரை ஓட்டுகிற டிரைவிடம்தான் பேசுகிறது. டிரைவுகளில் மூன்று ஜாதி உண்டு. ஒன்று, ஸ்டெப்-டைரக்‌ஷன்: ஒரு பல்ஸ் வந்தால் ஒரு அடி நகரும். இரண்டாவது, அனலாக்: +10 வோல்ட் கொடுத்தால் ஒரு பக்கம் முழு வேகம், -10 கொடுத்தால் மறுபக்கம் முழு வேகம். எவ்வளவு தூரம் வந்தோம் என்ற கணக்கு டிரைவிடம் கிடையாது, அது கன்ட்ரோலின் வேலை. மூன்றாவது, கம்பெனியின் சொந்த டிஜிட்டல் மொழி. ஜப்பான் கன்ட்ரோல் கம்பெனியான ஃபனுக்கின் 0 வரிசையில் ஏசி சர்வோ வந்த மெஷின்களைப் பாருங்கள். டிரைவுக்குப் போய் மோட்டார் கரன்ட்டைக் கட்டுப்படுத்துகிற பிடபிள்யூஎம் பல்ஸைக் கன்ட்ரோலின் ஆக்ஸிஸ் கார்டே உண்டாக்கி அனுப்பும். அந்த மாதிரி இருந்தால் டிரைவை வைத்துக்கொண்டு மூளையை மட்டும் மாற்றுவது லேசில் நடக்காது. மோட்டார், டிரைவ் எல்லாமே போக வேண்டியதுதான்.

உங்கள் மெஷின் எந்த ஜாதி என்று தெரியாமல் யார் எந்த மென்பொருளின் பெயரைச் சொன்னாலும் அது குருட்டாம்போக்குதான்.

பேனல் கதவின் உள்பக்கம் பாராமீட்டர் ஷீட் ஒட்டியிருந்தால் அதையும் படமெடுத்து வையுங்கள்.

கணபதி டர்னிங்:

பார்த்துவிட்டேன் அண்ணா. இரண்டுமே டிசி சர்வோ, கார்பன் பிரஷ் உள்ளது. பின்பக்கம் டேக்கோவும் பல்ஸ் கோடரும் (என்கோடர்தான்) சேர்ந்த யூனிட். லேபிளில் 2500 என்று போட்டிருக்கிறது. கன்ட்ரோலிலிருந்து டிரைவுக்கு ஷீல்டு போட்ட ஜோடி ஒயர் ஒன்று, அப்புறம் எனேபிள், ரெடி ஒயர்கள். ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில் டைமிங் பெல்ட்டில் ஒன்றுக்கு ஒன்றாக ஓடுகிற கோடர், 1024. பாராமீட்டர் ஷீட் இருக்கிறது, கையால் எழுதியது, படிக்க முடிகிறது. எலெக்ட்ரிக்கல் டிராயிங்கும் ஒரு பழைய ஃபைலில் இருக்கிறது.

பேனல் வயரிங்:

டிராயிங் கையில் இருக்கிறது என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதை ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

உங்களுடையது அனலாக் ஜாதி. மோட்டார், டேக்கோ, டிரைவ் மூன்றும் சேர்ந்து வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். இடத்தைக் காப்பாற்றுவது மட்டும்தான் கன்ட்ரோல் செய்துகொண்டிருந்த வேலை. அந்த வேலையைச் செய்யத் தெரிந்த மென்பொருள்தான் உங்களுக்கு வேண்டும்.

மாக் 3 இங்கேயே கழன்றுவிடும். அது ஸ்டெப் பல்ஸ் அனுப்பும். என்கோடரைப் படித்து, பிழையைக் கணக்குப் போட்டு, வோல்ட்டைத் திருத்திக்கொண்டே இருக்கிற லூப் அதில் இல்லை. மாக் 3தான் வேண்டும் என்றால் இரண்டு டிசி டிரைவையும் எடுத்துவிட்டு ஸ்டெப்-டைரக்‌ஷன் வாங்குகிற டிரைவ் போட வேண்டும்.

மாக்3 பழக்கம் (சேலம்):

மாக் 3 பற்றிச் சொன்னது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் அதை ஒன்றுக்கும் உதவாதது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என்னிடம் ஸ்டெப்பர் போட்ட பெஞ்ச் லேத்து ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியில் வருஷக்கணக்காக ஓடுகிறது. திரையைப் பார்த்ததும் ஆபரேட்டருக்குப் புரிகிறது. ஃபேசிங், ஸ்டெப் டர்னிங், டேப்பர் எதிலும் குறை சொல்ல முடியாது.

கவனிக்க வேண்டியவை உண்டு. அதன் பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் போர்ட்) டிரைவர் 32 பிட் விண்டோஸில் மட்டும்தான் வேலை செய்யும். இன்று வாங்குகிற 64 பிட் கம்ப்யூட்டரில் அந்த வழி அடைபட்டது, தனியாக மோஷன் கார்டு வேண்டும். அந்தக் கார்டுகளிலும் மலிவான யூஎஸ்பி போர்டுகள் பல மரை வெட்டுவதை ஆதரிக்காது. வாங்குமுன் விற்பவரிடம் ‘லேத்தில் ஜி76 என்ற மரை சைக்கிள் ஓடுமா, சுற்றுக்கு ஒன்று வருகிற இன்டெக்ஸ் பல்ஸை எந்தப் பின்னில் வாங்கும்’ என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். மாக் 3-க்கு இனி புது வசதி எதுவும் வரப் போவதில்லை, அதன் இடத்துக்கு மாக் 4 வந்துவிட்டது.

நிப்பிள், ஷாப்ட் என்று மரை வேலை அதிகம் என்கிறீர்கள். அதற்கு நானே மாக் 3 சொல்ல மாட்டேன். மாக் 3-க்கு ஸ்பிண்டில் பற்றித் தெரிவது ஒரு சுற்றுக்கு ஒரு பல்ஸ்தான். ஒரு பல்ஸுக்கும் அடுத்த பல்ஸுக்கும் நடுவில் ஸ்பிண்டில் இழுபட்டால் அதற்குத் தெரியாது. சின்னப் பிட்ச், மென்மையான பொருள் என்றால் பரவாயில்லை. ஈஎன்8 ஸ்டீலில் 2.5 பிட்ச் வெட்டும்போது பாஸுக்குப் பாஸ் ஸ்பிண்டில் வேகம் மாறும், மரையின் பக்கவாட்டில் அது தெரிந்துவிடும்.

லேப் இன்ஸ்ட்ரக்டர் (மதுரை):

லேத்துக்கு மென்பொருள் தேர்வு செய்யும்போது மில்லிங் பழக்கத்தில் யோசிப்பதுதான் பலர் சறுக்கும் இடம். மில்லிங்கில் ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டிருந்தால் போதும். லேத்தில் ஸ்பிண்டிலும் ஓர் அச்சு மாதிரி. ஒரு சுற்றுக்கு இத்தனை மி.மீ. ஃபீட், மரை, இரண்டுமே ஸ்பிண்டில் இந்த நொடியில் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரிவதைப் பொறுத்தவை. மாறாத வெட்டு வேகத்துக்கு ஸ்பிண்டில் வேகம் மென்பொருளின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

கிரப்ல் என்ற சின்னக் கன்ட்ரோல் மென்பொருளைப் போட்டால் என்ன என்று எங்கள் மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். அர்டுயினோ என்ற சின்ன போர்டில் ஓடுகிற மூல கிரப்லில் ஜி33 கிடையாது, ஜி76 கிடையாது. அதை லேத்தில் போட்டால் மரை என்ற பேச்சே இல்லை. கிரப்ல்ஹால் என்ற பிற்காலக் கிளையில், ஸ்பிண்டில் என்கோடர் வாங்கக்கூடிய போர்டில் அவை வருகின்றன. ஆனால் அதுவும் ஸ்டெப்-டைரக்‌ஷன் உலகம்தான், உங்கள் டிசி டிரைவுக்குப் பொருந்தாது.

லினக்ஸ்சிஎன்சி அமெரிக்காவின் என்ஐஎஸ்டி என்ற அரசு ஆய்வகத்தில் 1990களில் இஎம்சி என்ற பெயரில் பிறந்தது. அப்போதே நிஜமான தொழிற்சாலை மெஷின்களை மனதில் வைத்து எழுதியது. அதனால் சர்வோ லூப் அதற்குப் பின்னால் ஒட்டவைத்த வசதி இல்லை. என்கோடரைப் படித்து, பிழைக்குத் தக்கபடி திருத்துகிற பிஐடி கணக்குப் போட்டு அனலாக் வோல்ட் அனுப்புவது அதற்கு அன்றாட வேலை. மரைக்கு ஜி33, ஜி76, சுற்றுக்கு ஃபீட் வைக்க ஜி95, மாறாத வெட்டு வேகத்துக்கு ஜி96, விட்டத்தில் புரோகிராம் எழுத ஜி7 எல்லாம் உண்டு. 2.9 பதிப்பிலிருந்து ஜி71, ஜி72 ரஃபிங் சைக்கிளும் வந்துவிட்டது.

எங்கள் லேபில் இருப்பது ஸ்டெப்பர் போட்ட பயிற்சி லேத்து, அதை பேரலல் போர்ட்டில் ஓட்டுகிறோம். அந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 25 பின் போர்ட்டில் உள்ளே வரும் பின்கள் ஐந்தே ஐந்து: 10, 11, 12, 13, 15. ஸ்பிண்டில் என்கோடரின் ஏ, பி, இசட் மூன்றைத் தின்றுவிடும். மீதி இரண்டில் எமர்ஜென்சி ஒன்று, ஹோம் சுவிட்சுகள் எல்லாம் தொடராக இணைத்து ஒன்று. அவ்வளவுதான், டர்ரெட்டின் நிலையைப் படிக்க இடமே இல்லை.

என்கோடர் நுணுக்கத்துக்கும் எல்லை உண்டு. 1024 பல்ஸ் கோடர் 2000 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 33 சுற்றுக்குச் சற்று மேல், அதை 1024-ஆலும் பிறகு 4-ஆலும் பெருக்கினால் 1,36,000-க்கு மேல் எண்ண வேண்டும். பேரலல் போர்ட்டை மென்பொருளே படிக்கிறபோது அது 25 மைக்ரோ செகண்டுக்கு ஒரு தடவை, அதாவது நொடிக்கு 40,000 தடவைதான் எட்டிப் பார்க்கும். பாதிக்கு மேல் தவறிவிடும். அதனால் நாங்கள் 100 துளைத் தட்டு செய்து போட்டோம். நொடிக்கு 13,000 சொச்சம், தாராளமாகப் பிடிக்கிறது. உங்கள் 1024-ஐ அப்படியே பயன்படுத்த வேண்டும் என்றால் எண்ணுகிற வேலையை, அதைத் தன் சிப்பிலேயே செய்கிற ஒரு எஃப்பிஜிஏ கார்டுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

கணபதி டர்னிங்:

நன்றி சார். அப்போது எனக்கு எந்தக் கார்டு?

பேனல் வயரிங்:

மெசா கம்பெனியின் 7ஐ77 கார்டு. அதில் ஆறு என்கோடர் உள்ளீடு, ஆறு ±10 வோல்ட் வெளியீடு, கூடவே 32 இன்புட், 16 அவுட்புட். எக்ஸ், இசட், ஸ்பிண்டில் மூன்றுக்கும் என்கோடர் போக மூன்று மீதம். 24 வோல்ட் இன்புட்டுகளில் டர்ரெட், சக்கு, லூப்ரிகேஷன், கதவு எல்லாம் அடங்கிவிடும். அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க, ஈதர்நெட் வழி என்றால் 7ஐ92, உள்ளே செருகுவது என்றால் 5ஐ25. யாராவது 7ஐ76 வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அது ஸ்டெப்-டைரக்‌ஷன் கார்டு.

உங்கள் பல்ஸ் கோடர் 2500 என்றால் நான்கால் பெருக்கி ஒரு சுற்றுக்கு 10,000 எண்ணிக்கை. இசட் ஸ்க்ரூவின் லீட் 10 மி.மீ., மோட்டாருக்கும் ஸ்க்ரூவுக்கும் 1:1 என்றால் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு மைக்ரான் வரும். ஷீட்டில் லீட்டும் கியர் விகிதமும் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பாராமீட்டர் ஷீட் புதுக் கன்ட்ரோலுக்கும் பயன்படும் என்று நான் கேட்டது இதற்குத்தான். ரேபிட் வேகம், ஹோம் திசை, பேக்லாஷ் எல்லாம் அங்கிருந்தே எடுத்து எழுதலாம்.

கார்டு வாங்குமுன் ஒரு சோதனை, செலவு ஒரு பேட்டரி செல். டிரைவும் மோட்டாரும் உயிரோடு இருக்கின்றனவா என்று தெரியாமல் பணம் போடாதீர்கள். மோட்டாரிலிருந்து ஸ்க்ரூவுக்குப் போகும் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். எக்ஸ் அச்சில் அதற்கு முன் ஸ்லைடுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். சாய்ந்த பெட், பிரேக் விட்டால் டர்ரெட்டோடு கீழே இறங்கிவிடும். டிரைவுக்கு எனேபிள் கொடுத்துவிட்டு, கமாண்ட் ஜோடி ஒயரில் 1.5 வோல்ட் செல்லை வையுங்கள். மோட்டார் முழு வேகத்தில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு ஒரே சீராகச் சுற்ற வேண்டும். செல்லைத் திருப்பினால் எதிர்ப்பக்கம் அதே வேகம். செல்லை எடுத்துவிட்டு இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்தால் நிற்க வேண்டும். அப்போதும் மெல்ல ஊர்ந்தால் டிரைவில் ஆஃப்செட் பாட் என்ற திருகும் குமிழ் இருக்கும், அதில் சரிசெய்யலாம். ஒரே சீராக இல்லாமல் குலுங்கினால் பிரஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள், கம்யூடேட்டரில் கார்பன் தூள் அடைத்திருக்கும்.

ஷாப் ஓனர் (அம்பத்தூர்):

எல்லாம் சரி, ஆனால் இன்னொரு பக்கமும் பேச வேண்டும். நான் பத்துப் பன்னிரண்டு மெஷின் ஓட்டுகிறேன். பழைய லேத்து ஒன்றுக்கு இதே நிலை வந்தபோது கன்ட்ரோல், டிரைவ், மோட்டார் மொத்தமாகப் பேக்கேஜ் போட்டேன். காரணம் மூன்று.

புதிதாக ஒரு ஆபரேட்டர் வந்தால் அவருக்குத் தெரிந்தது ஃபனுக் மாதிரித் திரை, ஃபனுக் மாதிரிப் புரோகிராம். சீமென்ஸ் 808டி-யோ ஜிஎஸ்கே 980-யோ போட்டாலும் அவரால் பழகிக்கொள்ள முடிகிறது. லினக்ஸ் திரையைப் பார்த்தால் முதல் வாரம் தொடவே பயப்படுவார்.

ராத்திரி ஷிஃப்டில் நின்றுவிட்டால் கூப்பிட ஆள் வேண்டும். லினக்ஸ்சிஎன்சியில் நீங்களே சர்வீஸ் இன்ஜினியர். அதற்கு நேரமும் விருப்பமும் உள்ளவருக்குத்தான் அது ஒத்துவரும்.

மூன்றாவதுதான் முக்கியம். மூளையை மாற்றிவிட்டு 40 வருஷப் பழைய டிசி டிரைவை வைத்துக்கொள்கிறீர்கள். நாளை அந்த டிரைவ் போனால்? அதற்கும் போர்டு கிடைக்காது என்றுதான் பதில் வரும். அப்போது மறுபடியும் செலவு.

பேனல் வயரிங்:

சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூன்று ஷிஃப்ட் ஓடுகிற, டெலிவரி தேதி கழுத்தைப் பிடிக்கிற இடத்தில் நானும் பேக்கேஜ்தான் சொல்வேன். ஆனால் பேக்கேஜில் கன்ட்ரோல் விலையைவிட மோட்டார், டிரைவ், மோட்டாரை உட்கார வைக்கும் பிளேட், கப்ளிங், கேபிள் இவற்றின் செலவுதான் ஏறும். பழைய மோட்டாரின் ஃபிளேஞ்ச் அளவு புது மோட்டாருக்கு ஒத்துப்போகாது, ஷாப்ட் விட்டமும் ஒத்துப்போகாது. கணபதித் தம்பி மெஷின் வாங்கிய விலையையே அது தாண்டிவிடும்.

டிரைவ் போனால் என்ன என்ற கேள்விக்கு என் பதில்: 7ஐ77 போட்டிருந்தால் ±10 வோல்ட் வாங்குகிற எந்த ஏசி சர்வோ டிரைவையும் அந்த ஒரு அச்சுக்கு மட்டும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். அனலாக் உள்ளீடு இருக்கிற டிரைவாகப் பார்த்து வாங்கினால் போதும். மற்ற அச்சைத் தொடத் தேவையில்லை. செலவு தவணை தவணையாக வரும்.

ஷாப் ஓனர்:

அது நல்ல பாயிண்ட், ஒப்புக்கொள்கிறேன். என் யூனிட்டுக்கு என் முடிவு சரி என்பதில் மாற்றமில்லை, ஆனால் ஒரே ஷிஃப்ட், ஓனரே மெஷினில் நிற்கிற இடம் என்றால் கணக்கு வேறு.

ஒன்று மட்டும் கேட்டு வையுங்கள் தம்பி: உங்கள் பழைய புரோகிராம்கள் என்ன ஆகும்?

கணபதி டர்னிங்:

அதையேதான் கேட்க வந்தேன் சார். பக்கத்து மெஷினில் ஃபனுக். அதே புரோகிராமைப் பென் டிரைவில் எடுத்து இதில் ஓட்ட முடியாதா?

லேப் இன்ஸ்ட்ரக்டர்:

முடியாது, ஓட்டவும் கூடாது. இந்த விஷயத்தை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், மென்பொருள் பொருந்துமா என்று கேட்கிற பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான்.

ஃபனுக் லேத்து மொழியில் ஜி99 என்றால் ஒரு சுற்றுக்கு ஃபீட். லினக்ஸ்சிஎன்சியில் ஜி99 என்றால் டிரில் சைக்கிளில் எந்த உயரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது. உங்கள் புரோகிராமில் ஜி99, எஃப்0.15 என்று இருந்தால் அது பிழை எதுவும் காட்டாது. நிமிஷத்துக்கு 0.15 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு அசையாதது மாதிரி நிற்கும். அங்கே ஜி95 எழுத வேண்டும்.

டி0101 என்பது ஃபனுக்கில் ஒன்றாம் டூல், ஒன்றாம் ஆஃப்செட். இங்கே அதை 101-ஆம் டூல் என்று படிக்கும். டி1 எம்6 ஜி43 என்று எழுதிப் பழக வேண்டும். எக்ஸ், இசட்டின் இன்கிரிமென்டலுக்கு யூ, டபிள்யூ எழுதுகிற பழக்கமும் செல்லாது, இங்கே அவை தனி அச்சுகளின் பெயர்கள். ஜி50 எஸ்2000 என்று வேக வரம்பு வைப்போம் அல்லவா, இங்கே அது ஜி96 வரியிலேயே டி2000 (D2000, டூலின் T அல்ல) என்று வரும்.

ஃபனுக்கில் ஜி90 டர்னிங் சைக்கிள், ஜி92 மரை சைக்கிள். இங்கே ஜி90 என்றால் ஆப்சல்யூட், ஜி92 என்றால் அச்சின் பூஜ்யத்தை நகர்த்துவது. கடைசி இரண்டும் ஆபத்தானவை. மரை வெட்டும் என்று நினைத்து ஜி92 வரியை ஓட்டினால் டூல் இருக்கிற இடத்தின் கணக்கையே மாற்றிவிடும், அடுத்த ரேபிடில் டூல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

மரைக்கு ஒரு உதாரணம் எழுதுகிறேன். எம்20, பிட்ச் 2.5, நீளம் 30, விட்ட மோடில். டூலை எக்ஸ்22, இசட்5-க்குக் கொண்டுவந்து, ஜி97-இல் மாறாத ஆர்பிஎம் வைத்து:

ஜி76 பி2.5 இசட்-30 ஐ-2 ஜே0.5 கே3.07 ஆர்1.5 கியூ29.5 ஹெச்2

பி என்பது பிட்ச். டூல் நிற்கிற கோட்டிலிருந்து மரையின் தலை 2 மி.மீ. உள்ளே என்பதை ஐ-2 சொல்கிறது. ஜே முதல் வெட்டு, கே முழு ஆழம். ஜி7 விட்ட மோடில் இந்த மூன்றும் விட்டக் கணக்கில் வரும், அதனால்தான் 1.53-க்குப் பதில் 3.07. ஹெச்2 என்றால் கடைசியில் இரண்டு ஸ்ப்ரிங் பாஸ், அதாவது ஆழம் கூட்டாமல் மறுபடி ஓட்டுவது. ஃபனுக்கில் இதே மரைக்கு எக்ஸ்16.93, ஆழத்தை மைக்ரானில் பி1534 என்று எழுதியிருப்பீர்கள். ஒரே ஜி76, ஆனால் உள்ளே உள்ள எழுத்துகளுக்குப் பொருள் வேறு.

ஜி71-உம் அப்படித்தான். ஃபனுக்கில் பி, கியூ என்று வரி எண் காட்டுவோம். இங்கே காண்டூரைத் தனி சப்ரூட்டீனாக எழுதி அதன் எண்ணைக் கியூவில் கொடுக்க வேண்டும். கையால் எழுதுகிறவர் என்றால் புதிதாகப் பழக வேண்டும். கேம் (CAM) மென்பொருளில் எடுக்கிறவர் என்றால், மெஷினுக்கு ஏற்ற ஜி-கோடாக மாற்றித் தருகிற போஸ்ட்டை மட்டும் மாற்றினால் போதும்.

கணபதி டர்னிங்:

இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை சார். திரும்பத் திரும்ப வருகிற பார்ட்டுகள் கொஞ்சம்தான், அவற்றைப் புதிதாக எழுதிவிடுகிறேன். பழைய புரோகிராம்கள் இந்தக் கம்ப்யூட்டர் பக்கமே வராமல் தனி ஃபோல்டரில் இருக்கும்.

செல் சோதனை செய்தேன். இசட் அருமையாகச் சுற்றியது. எக்ஸ் குலுங்கியது. அண்ணா சொன்னபடி பிரஷ்ஷைக் கழற்றினால் ஒன்று தேய்ந்து ஸ்பிரிங் தட்டுகிற அளவுக்கு வந்திருந்தது. மாற்றிச் சுத்தம் செய்ததும் சீராகிவிட்டது. கார்டு ஆர்டர் போட்டுவிட்டேன், 7ஐ77-உம் 7ஐ92-உம். கம்ப்யூட்டர் பற்றி மட்டும் சொல்லுங்கள். கையில் இருப்பது போதுமா?

லேப் இன்ஸ்ட்ரக்டர்:

வேகமான கம்ப்யூட்டர் தேவையில்லை, நேரம் தவறாத கம்ப்யூட்டர்தான் தேவை. லினக்ஸ்சிஎன்சியோடு லேட்டென்சி ஹிஸ்டோகிராம் என்ற சோதனை வரும். அதை ஓடவிட்டு, கூடவே நான்கைந்து விண்டோ திறந்து மூடி, வீடியோ ஓட்டி, பெரிய ஃபைல் காப்பி செய்து தொந்தரவு கொடுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் அதிகபட்சத் தாமதம் 100 மைக்ரோ செகண்டுக்குள் இருந்தால் ஈதர்நெட் கார்டுக்கு அது தாராளம். சர்வோ லூப் ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு தடவைதான் ஓடுகிறது. பேரலல் போர்ட் என்றால்தான் 15, 20 மைக்ரோ செகண்டுக்குள் வர வேண்டும் என்று கெடுபிடி.

எண் மோசமாக வந்தால் பயாஸில் மின் சேமிப்பு வசதிகளான சி-ஸ்டேட், ஸ்பீட்ஸ்டெப் இரண்டையும், கூடவே ஹைப்பர்திரெடிங்கையும் அணைத்துப் பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். லேப்டாப் வேண்டாம், அதில் மின் சேமிப்பை முழுதாக அணைக்கவே முடியாது. கார்டுக்குப் போகிற ஈதர்நெட் போர்ட்டை அதற்கு மட்டுமே ஒதுக்குங்கள், இன்டர்நெட்டுக்குத் தனி போர்ட்.

பேனல் வயரிங்:

வயரிங் தொடங்குமுன் பாதுகாப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்காத சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

எமர்ஜென்சி பட்டன் டிரைவுகளின் மெயின் கான்டாக்டரை ஒயர் வழியாகவே இறக்க வேண்டும். மென்பொருளுக்கு ஒரு தகவல் போகலாம், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் உறைந்து நின்றாலும் பட்டன் வேலை செய்ய வேண்டும்.

சக்கு பிரஷர் சுவிட்ச் இல்லாமல் ஸ்பிண்டில் ஸ்டார்ட் ஆகக் கூடாது. ஸ்பிண்டில் சுற்றும்போது ஃபுட் பெடலை மிதித்தால் சக்கு திறக்கக் கூடாது. பழைய டிராயிங்கில் இந்த இரண்டு இன்டர்லாக்கும் ரிலேயிலேயே இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இப்போது போடுங்கள்.

அனலாக் சர்வோவுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. என்கோடரின் ஏ, பி ஒயர் மாறியிருந்தால் மோட்டார் போகிற திசை தப்பு என்று மென்பொருள் நினைத்து இன்னும் வோல்ட் கூட்டும், கூட்டக் கூட்ட இன்னும் ஓடும். கண் இமைக்கிற நேரத்தில் முழு வேகத்தில் போய் இடிக்கும். அதனால் முதல் எனேபிள் பெல்ட் கழற்றிய நிலையில்தான். கையால் மோட்டாரைச் சுற்றி, திரையில் எண் சரியான பக்கம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, எஃப்எரர் வரம்பை (எவ்வளவு பிழை வந்தால் நிறுத்த வேண்டும் என்பது) 1 மி.மீ. மாதிரிச் சின்னதாக வைத்து ஆரம்பியுங்கள். தப்பாக இருந்தால் கால் சுற்று கூடப் போகாமல் அலாரம் அடித்து விழுந்துவிடும். எல்லாம் சரியான பிறகு பெல்ட்டைப் போடலாம்.

டர்ரெட்டுக்கு லினக்ஸ்சிஎன்சியில் கரோசல் என்ற காம்பொனென்ட் தயாராக இருக்கிறது. உங்கள் டர்ரெட் பைனரியில் நிலை சொல்கிறதா, கிரே கோடிலா என்று டிராயிங்கில் பார்த்து அதில் எழுதினால் போதும். கிளாம்ப் ஆகிவிட்டது என்ற சிக்னல் வராமல் எம்6 முடியக் கூடாது. இதை மறந்தால் பூட்டாத டர்ரெட்டோடு வெட்டப் போய்விடும்.

மாக்3 பழக்கம்:

ஸ்பிண்டில் அட் ஸ்பீட் சிக்னலையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. அது இல்லாவிட்டால் எம்3 கொடுத்ததும் வேகம் ஏறுமுன்னே வெட்டப் போகும், இன்சர்ட் மூக்கு உடையும். ஸ்பிண்டில் டிரைவில் அந்த ரிலே இருக்கும். இல்லையென்றால் என்கோடர் வேகத்தைக் கமாண்டோடு ஒப்பிட்டு, லினக்ஸ்சிஎன்சியில் சிக்னல்களை இணைக்கிற ஹால் (HAL) பகுதியிலேயே செய்துகொள்ளலாம் என்று கேள்விப்பட்டேன்.

லேப் இன்ஸ்ட்ரக்டர்:

ஆமாம், நியர் என்ற காம்பொனென்ட் அதற்குத்தான். இரண்டு சதவீத வித்தியாசத்துக்குள் வந்தால் சரி என்று வைக்கலாம்.

கணபதி டர்னிங்:

தாமதத்துக்கு மன்னிக்கவும், வேலைக்கு நடுவில்தான் இதைச் செய்ய முடிந்தது. இப்போது நிலவரம்.

பெல்ட் இல்லாமல் எனேபிள் கொடுத்தபோது எக்ஸ் உடனே எஃப்எரர் அடித்தது. ஏ, பி மாறியிருந்தது. அண்ணா சொல்லாமல் பெல்ட்டோடு செய்திருந்தால் டர்ரெட் சக்கில் போய் இடித்திருக்கும். ஹாலில் ஸ்கேலின் குறியை மாற்றினேன், நின்றுவிட்டது. இசட்டில் பிஐடியின் பி மதிப்பை ஏற்றி, பிறகு எஃப்எஃப்1 (வேகத்துக்கு வேண்டிய வோல்ட்டை முன்கூட்டியே கொடுப்பது) சேர்த்ததும் ரேபிடில் பிழை நன்றாகக் குறைந்தது. நிற்கும்போது டயலில் ஊசி ஆடவில்லை.

டர்ரெட் பைனரிதான், கூடவே ஒரு பாரிட்டி ஒயர். எட்டு ஸ்டேஷனும் சரியாக வருகிறது. ஆறாம் ஸ்டேஷன் மட்டும் சில நேரம் தடுமாறியது, பார்த்தால் ஒரு ப்ராக்சிமிட்டி லூஸ்.

எம்20 மரை ஈஎன்8-இல் 300 ஆர்பிஎம்மில் போட்டேன். கோ ரிங் கேஜ் கடைசி வரை ஏறுகிறது, நோ-கோ முதல் மரையிலேயே நிற்கிறது. சார் கொடுத்த வரியே, ஜே மட்டும் 0.4 ஆக்கினேன். முதல் பாஸில் சத்தம் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

ஒரு சந்தேகம் பாக்கி. கரன்ட் போய் வந்தால் லினக்ஸ் கம்ப்யூட்டர் பாதியில் அணைந்து கெட்டுவிடுமோ என்று பயம். மெஷின் 200 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓடுகிறது. கம்ப்யூட்டர் தனி லைனில் இருக்கிறது.

பேனல் வயரிங்:

கம்ப்யூட்டருக்கும் 7ஐ77-இன் 5 வோல்ட், 24 வோல்ட் சப்ளைக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள். டிரைவுகளுக்கு வேண்டாம், கரன்ட் போனால் அவை விழுவதுதான் சரி. மெயின் போய்விட்டது என்று ஒரு ரிலே கான்டாக்டை இன்புட்டாகக் கொடுத்தால் கன்ட்ரோல் தானாக எமர்ஜென்சி நிலைக்குப் போய்விடும், கரன்ட் வந்ததும் மெஷின் தானாகக் கிளம்பாது. எக்ஸ் பிரேக்கும் அதே கான்டாக்டில் விழ வேண்டும். அதை இன்றே ஒருமுறை மெயினை அணைத்துச் சோதித்துப் பாருங்கள். ஸ்லைடுக்கு அடியில் கட்டை வைத்துவிட்டு.

ஐஎன்ஐ, ஹால், டூல் டேபிள் மூன்று ஃபைலையும் பென் டிரைவில் எடுத்துப் பேனல் கதவின் உள்பக்கம், பழைய ஷீட் இருந்த இடத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

லேப் இன்ஸ்ட்ரக்டர்:

முடிந்தால் ஹால் ஃபைலை இந்த இழையிலும் போடுங்கள். டிசி சர்வோவும் பைனரி டர்ரெட்டும் உள்ள லேத்து ஒன்று எங்களுக்குத் தெரிந்த ஐடிஐயில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது.

கணபதி டர்னிங்:

கண்டிப்பாகப் போடுகிறேன் சார். கமெண்ட் எல்லாம் தமிழில் எழுதி, எந்தப் பின் எந்த ஒயர் என்று டிராயிங் எண்ணோடு சேர்த்து ஞாயிற்றுக்கிழமை ஏற்றிவிடுகிறேன். பிரேக் சோதனை முடிந்ததும் அதையும் எழுதுகிறேன் அண்ணா.